மருந்து வழங்கும் முற்றம்

கொள்ளைநோய் என்றவுடன் நம் அங்கத்தினர்களுக்கு ஆஸ்பத்திரியும் ஊசியும் நினைவுக்கு வருவது இயல்பே. ஆயினும் மருந்து கைவசம் இருந்தும், அதனை நோயாளியின் வாயிற் சேர்க்கும் ஏற்பாடு இன்றி உயிர்கள் மடிவதுண்டு. மேற்கு வங்கத்தின் எல்லை நகரமாகிய பங்கான் 1971ஆம் ஆண்டில் இதனைக் கண்கூடாகக் கண்டது.

கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து லட்சக்கணக்கான அகதிகள் வந்து குவிந்தனர், காலரா பரவியது. ஆஸ்பத்திரி அறைகளின் தரையெங்கும் நோயாளிகள் கிடந்தனர். நரம்பின் வழியே ஏற்றும் உப்புநீர் தீர்ந்துகொண்டே வந்தது. அதனை ஏற்றத் தெரிந்தவர்களோ மிகச் சிலர். நோயுற்றவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் வரை மாண்டனர்.

குழந்தை வைத்தியரான டாக்டர் திலீப் மகலனாபிஸ் அங்கே பொறுப்பேற்றிருந்தார். உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை அருந்தச் செய்தே காலராவைத் தணிக்கலாம் என்பது 1968இலேயே டாக்காவில் மெய்ப்பிக்கப்பட்டிருந்தது. ஆனால் அது வைத்தியர்களின் மேற்பார்வையில் நடந்தது. பயிற்சியற்ற மக்கள் கையில் அதனை ஒப்படைக்கலாமா என்று ஐயுற்றோர் பலர். அவர் ஒப்படைத்தார்.

கல்கத்தாவில் தம் ஆராய்ச்சி நிலையத்தின் நூலக அறையையே அவர்கள் பொட்டலம் கட்டும் கூடமாக்கினர். ஒருவர் நிறுக்க, ஒருவர் இட, மற்றொருவர் சூடான இஸ்திரிப் பெட்டியால் பிளாஸ்டிக் பையின் வாயை ஒட்டினார். லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. செலவு லிட்டருக்குப் பதினொரு காசு! பங்கானில் அதனைக் குழாய் பொருத்திய பீப்பாய்களில் கரைத்து வைத்தனர். நோயாளியின் தாயோ உறவினரோ குவளையில் பிடித்துச் சென்று ஊட்டினர். தார் சுற்றுபவர் ஒருவர், தறியில் அமர்பவர் வேறொருவர் என்றிருக்கும் நெசவாளர் வீட்டிற்கு இம்முறை புதிதன்று. ஊட்டும் வேலை உறவினருடையதாயிற்று. குடிக்க இயலாதபடி தளர்ந்தவர்களை மட்டும் வைத்தியர் கவனித்தார். இரண்டு மாதங்களில் அங்கே சிகிச்சை பெற்றவர் சுமார் 3,700 பேர். இறந்தோர் நூற்றுக்கு நால்வருக்கும் குறைவே.

நமது சங்கங்களுக்கும் இத்தகைய பணியில் ஒரு பங்குண்டு. தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளிற் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துகின்றன. 2021 மே மாதம் கொரோனா நிவாரணத்தின் முதல் தவணையாகிய 2,000 ரூபாயை வழங்கும் முன்னர், வரவேண்டிய நாளும் நேரமும் குறித்த டோக்கன்கள் வீடுதோறும் தரப்பட்டன. பணத்திற்குச் செய்த அந்த ஏற்பாட்டை மருந்திற்கும் செய்யலாம். குடும்பப் பதிவேடு, கூரையிட்ட முற்றம், கணக்கெழுதப் பழகிய கை ஆகியன நம்மிடம் உள்ளன.

ஆனால் மருந்து அரிசியன்று. இன்று வழங்கப்படும் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் ஒன்றிற்குச் சரியாக ஒரு லிட்டர் நீர் வேண்டும். ஒரு தம்ளரில் முழுப் பொட்டலத்தையும் கொட்டிக் கலக்கினால் குழந்தைக்குத் தீங்கு நேரும். ஆகவே ஒரு லிட்டர் அளவுப் பாத்திரத்தை மேசைமேல் வைத்துக் கலக்கிக் காட்டுவதற்கென்றே ஓர் ஆள் நிற்க வேண்டும். அவர் வேறு வேலை பார்க்கலாகாது. கொதித்தாறிய நீர் தயாராயிருத்தல் வேண்டும். நோயுற்றோர் ஒரு வாயிலாகவும், வீட்டாருக்காக மருந்து பெற வந்தோர் மற்றொரு வாயிலாகவும் வருதல் நலம். குடிக்கவும் இயலாதவரை வரிசையில் நிறுத்தாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வண்டியொன்று வாசலிலேயே நிற்க வேண்டும்.

எழுந்து வர இயலாத முதியோர் எந்தெந்த வீட்டில் உள்ளனர் என்ற பட்டியல் பல சங்கங்களில் எழுதி வைக்கப்படுவதில்லை. அது காரியதரிசியின் நினைவில் மட்டும் இருக்கிறது. அவரே நோயுற்றுப் படுத்துவிட்டால் என் செய்வது? மழை தொடங்கு முன்னர் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கினால் அப்பட்டியலை எழுதி முடித்துவிடலாம்.