நிசேயா சங்கமும் ஒரு நாவலும்

“ஐயா, கி.பி. 325இல் ஓட்டெடுத்துத்தானே இயேசுவைக் கடவுள் என்று முடிவு செய்தார்கள்?” திடப்படுத்தல் வகுப்பில் இவ்வாறு வினவிய இளைஞர் ஒருவரை நாம் அறிவோம். அவருக்கு இதனைக் கற்பித்தது டான் பிரவுன் எழுதி 2003இல் வெளிவந்த ‘டா வின்சி கோட்’ என்னும் நாவல். அதன் திரைப்படத்திற்குத் தமிழக அரசு 2006இல் தடை விதித்தது. சென்னை உயர்நீதிமன்றம் அத்தடையை நீக்கிற்று. தடை கோருவதில் காட்டிய ஊக்கத்தை விடையளிப்பதில் நாம் காட்டினோமா?

அலெக்சந்திரியாவின் மூப்பராகிய ஆரியுஸ், கிறிஸ்துவை வெறும் மனிதர் என்று போதித்தவரல்லர். உலகம் உண்டாகுமுன்னரே அவர் இருந்தார் என்பதை ஆரியுசும் ஒப்புக்கொண்டார். ஆயினும் அவரும் படைக்கப்பட்டவரே என்றார். எனவே, குமாரன் பிதாவோடே ஒரே தன்மையுடையவரா என்பதே சங்கத்தின்முன் இருந்த வழக்கு. வாக்குகள் ஏறக்குறையச் சமமாய்ப் பிரிந்தன என்று நாவல் கூறுவதும் பொருந்தாது. கூடிய பேராயர்கள் ஏறத்தாழ 300 பேர்; இறுதிவரை கையொப்பமிட மறுத்தவர் லிபியாவின் செக்குந்து, தெயோனா ஆகிய இருவரே. மறுப்போரை நாடுகடத்துவதாகப் பேரரசன் கொன்ஸ்தந்தீன் அச்சுறுத்தியதும் உண்மையே. அதை நாம் மறைக்க வேண்டுவதில்லை.

இதனினும் வலிய சான்று ஒன்றுண்டு. நிசேயா நகரம் பித்தினியா நாட்டில் இருந்தது. அந்நாட்டை ஆண்ட பிளினி என்னும் உரோம ஆளுநர், ஏறக்குறைய கி.பி. 112இல் பேரரசன் திராயானுக்கு எழுதிய மடலில், கிறிஸ்தவர்கள் குறித்த நாளில் விடியுமுன் கூடி, தெய்வத்தைப் பாடுவதுபோல் கிறிஸ்துவைப் பாடுகின்றனர் என அறிவிக்கிறார். சபையைத் தண்டித்தவரே தரும் சாட்சியம் இது. சங்கத்திற்கு இருநூறு ஆண்டுகள் முற்பட்டது. அதற்கும் முன்னர், பவுலடியார் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் இருக்கிறது.

கொன்ஸ்தந்தீனே வேதாகமத்தைத் தொகுப்பித்தான் என்பது மற்றொரு கூற்று. சங்கம் இயற்றிய 20 விதிகளில் ஒன்றேனும் வேதநூல்களின் பட்டியலைப் பற்றியதன்று. பின்னாளில் 50 வேதாகமப் பிரதிகளை எழுதுவித்துத் தருமாறு எவுசேபியுவை அவன் பணித்தான். கதை இதிலிருந்து பிறந்திருக்கலாம். நம் 27 நூல்களையே குறிக்கும் முதற்பட்டியல் நமக்குக் கிடைப்பது, அத்தனாசியு கி.பி. 367இல் எழுதிய மடலிலேதான். யாக்கோபு, யூதா, இரண்டாம் பேதுரு முதலியவை சிலரால் ஐயுறப்பட்டன என்று எவுசேபியுவே எழுதியுள்ளார். இவற்றைக் கல்லூரியில் படித்துத் தேர்வும் எழுதிய நாம், பிரசங்க பீடத்தில் ஏறியதும் மறந்துவிடுகிறோம். சபையார் இவற்றை முதன்முதலாக ஒரு நாவலாசிரியரிடம், அதுவும் திரித்த வடிவில், கேட்க நேர்ந்தது நம் மௌனத்தாலேயாம்.

மகதலேனா மரியாளைப் பற்றிய கதைக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது பிலிப்பு நற்செய்தி. 1945இல் எகிப்தின் நாக் அம்மாதியில் கிடைத்த கொப்திய மொழி ஏடுகளுள் ஒன்று அது. ‘துணை’ எனப் பொருள்படும் சொல்லை விளக்க நாவலில் வரும் அறிஞர் அரமேய மொழியைத் துணைக்கழைக்கிறார். ஏட்டிலுள்ளதோ கிரேக்கத்திலிருந்து கொப்தியத்திற்கு வந்த சொல். இயேசு மரியாளை எங்கே முத்தமிட்டார் என்று கூறவேண்டிய இடத்தில் ஏடு சிதைந்து ஓட்டையாயிருக்கிறது. அங்கே சொல்லை நிரப்பியவர்கள் பிற்காலத்தார். அவ்வேட்டின் ஒளிப்படத்தை இளைஞர் கையிலேயே கொடுத்து, அந்த ஓட்டையைக் காட்டலாம்.