காகித நோட்டும் நாணயமும்

நூறு ரூபாய் நோட்டும் காகிதம். பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதும் நோட்டும் காகிதம். முன்னதைக் கொடுத்தால் கடைக்காரர் அரிசி அளந்து கொடுக்கிறார். பின்னதைக் கொடுத்தால் நகைக்கிறார். இதன் காரணம் யாதெனக் குழந்தைகள் வினவுவதுண்டு. கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் அனைவரும் இதற்கு விடை அறிந்திருத்தல் அவசியம்.

வெள்ளி இருந்த காலம்

1861-ம் வருஷத்துச் சட்டத்தால் நோட்டு வெளியிடும் உரிமையை இந்திய சர்க்கார் தானே மேற்கொண்டது. அந்நாளில் நோட்டு என்பது ஒரு சீட்டே. அதைக் கொடுத்தால் வெள்ளி ரூபாய் கிடைக்கும். அவ்வெள்ளி ரூபாய் ஒரு தோலா எடை. அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி.

முதல் மகா யுத்தத்தில் வெள்ளி விலை ஏறியது. ஜனங்கள் ரூபாயைப் பதுக்கினர், உருக்கவும் செய்தனர். வெள்ளி போதாமல் 1917-ல் சர்க்கார் ஒரு ரூபாய் நோட்டை வெளியிட்டது. 1918-ல் நோட்டை வெள்ளியாக மாற்றப் பலர் திரண்டனர். பல இடங்களில் வட்டம் பிடித்துக்கொண்டே நோட்டை வாங்கினர். அவ்வருஷம் அமெரிக்க சர்க்கார் இந்தியாவுக்கு 20 கோடி அவுன்சு வெள்ளி விற்க முன்வந்தது. அதன் பிறகே கலக்கம் தணிந்தது. காகிதம் மாறவில்லை, ஜனங்களின் நம்பிக்கையே குறைந்து, பின்பு மீண்டது.

இன்றைய நோட்டு

இன்று நோட்டுக்கு ஈடாக எவரும் வெள்ளி கொடுப்பதில்லை. 1935-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி தொடங்கிய ரிசர்வ் பாங்கியின் கவர்னர், நோட்டில் குறித்த தொகையைத் தருவதாக வாக்களித்துக் கையொப்பமிடுகிறார். அதற்கு மத்திய சர்க்கார் ஜாமீன். ஆயினும் வாக்கு மட்டும் போதாது. அலங்காநல்லூர்ப் பக்கத்தில் பெரியாற்றுக் கால்வாய்ப் பாசனத்தில் நெல் விளைவிக்கும் குடியானவர், மூட்டைகளைக் கொடுத்து நோட்டை வாங்குகிறார். உரக்கடைக்காரரும் கொல்லரும் அதனை மறுக்கமாட்டார். சர்க்காரும் தீர்வைக்கு அதனை ஏற்கும் என்று அவர் அறிவார். பிறர் வாங்குவர் என்று ஒவ்வொருவரும் நம்புவதே நோட்டின் பலம். சட்டம் அந்நம்பிக்கைக்கு வேலி. நோட்டை அளவோடு அச்சிடுவது அதற்கு வேர்.

நம்பிக்கை கெட்ட விதம்

வேர் அழுகினால் நேரும் கதியை மலேயாத் தமிழர் கண்டனர். 1942 முதல் அங்கு ஆண்ட ஜப்பானியர் தம் நோட்டுகளை வெளியிட்டனர். பத்து டாலர் நோட்டில் வாழைமரம் அச்சிட்டிருந்தமையால் அவற்றுக்கு வாழை நோட்டு என்ற பெயர் வந்தது. செலவு பெருகப் பெருக, வரம்பின்றி அச்சிட்டனர். பிற்காலத்து நோட்டுகளில் வரிசை எண்கூட இல்லை. நோட்டு பெருகியதேயன்றிச் சந்தையில் அரிசி பெருகவில்லை. ஆகவே விலை ஏறிக்கொண்டே சென்றது. 1945 ஆகஸ்டில் ஜப்பான் பணிந்தது. திரும்பி வந்த ஆங்கில அதிகாரிகள் அந்நோட்டு செல்லாதென்றனர். பாடுபட்டுச் சேர்த்தவர் பெட்டியில் வெறுங் காகிதமே எஞ்சியது.

வேலி அகன்றாலும் இடர் உண்டு. 2016-ம் வருஷம் நவம்பர் 8-ந் தேதி இரவு, 500, 1000 ரூபாய்ப் பழைய நோட்டுகள் செல்லாவென அறிவிக்கப்பட்டன. அவற்றைப் பாங்கியில் செலுத்தத் தவணை தரப்பட்டது. எனினும் 14-ந் தேதி முதல் மாவட்ட மத்தியக் கூட்டுறவு பாங்கிகள் அவற்றை வாங்கலாகாதென உத்தரவாயிற்று. கூட்டுறவு பாங்கியையே நம்பியிருந்தவர்கள் பயிர் வேலையை விட்டு வேறு பாங்கிகளின் வாசலில் நிற்க நேர்ந்தது.

சங்கத்தின் நாணயம்

தமிழில் நாணயம் என்னும் சொல் காசையும் குறிக்கும்; சொன்ன சொல் தவறாமையையும் குறிக்கும். முன்னாளில் கடன் சங்கங்களை ஐக்கிய நாணய சங்கம் என வழங்கியதும் பொருத்தமே. அங்கத்தினரின் பாஸ் புத்தகத்தில் எழுதிய வரவும், நோட்டைப் போல, காகிதத்தின்மேல் எழுதிய வாக்குத்தான். கடன் வாங்கியவர் தவணை தவறாமல் செலுத்துவதும், பணம் பெற்றவர் அப்பொழுதே ரசீது கொடுப்பதும், பொதுக்கூட்டத்தில் அங்கத்தினர் கணக்கைக் கேட்டறிவதுமே அவ்வாக்கைக் காப்பன. இவற்றுள் ஒன்று தளர்ந்தாலும், ஒருவர் சேமிப்பைத் திரும்பக் கேட்பார். அவரைக் கண்டு பத்துப் பேர் கேட்பர். ரிசர்வ் பாங்கியின் வாக்கைக் காப்பது சர்க்காரின் கடமை; சங்கத்தின் வாக்கைக் காப்பது அங்கத்தினரின் கடமை.