பற்றவைக்கக் கற்ற பாட்டிமார்

பழுப்பு, கறுப்பு, சிவப்பு என்று மூன்று வளையங்கள் இருந்தால் அந்த மின்தடையத்தின் மதிப்பு 1,000 ஓம். மூன்றாவது வளையம் ஆரஞ்சு என்றால் 10,000 ஓம். அரிசி மணியைவிடச் சற்றே பெரிய அந்தத் துண்டை ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் பற்றவைத்துவிட்டால், பேட்டரி நிரம்பிவிட்டதா, காலியாகிறதா என்று காவல் காக்கும் மின்சுற்று ஏமாந்துபோகும். சில மாதங்களில் பேட்டரி செத்துவிடும். மலாவி, செனகல், சியரா லியோன் கிராமங்களிலிருந்து வந்த, எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார்கள் இந்த நிற வரிசையைப் பூச்சியம் முதல் ஒன்பது வரை மனப்பாடமாக்கிக்கொண்டு, சாலிடரிங் அயர்னைக் கையில் பிடித்து, சூரிய மின் பொறியாளர்களாக ஊர் திரும்பியிருக்கிறார்கள். அவர்கள் படித்த இடம் ராஜஸ்தானின் அஜ்மீர் மாவட்டத்தில் உள்ள திலோனியா.

1972இல் பங்கர் ராய் அங்கே, கைவிடப்பட்டிருந்த ஒரு காசநோய் மருத்துவமனையில் தொண்டு அமைப்பு ஒன்றைத் தொடங்கினார். பேர்ஃபுட் காலேஜ் என்று உலகம் அறிவது அதைத்தான். 1989 முதலே அந்த வளாகம் சூரிய மின்சாரத்தில் இயங்கத் தொடங்கியது. ஆண்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தால் சான்றிதழை எடுத்துக்கொண்டு பட்டணத்துக்குப் போய்விடுகிறார்கள் என்பது ராய் அனுபவத்தில் கண்டது. பேரன் பேத்தி எடுத்த பெண்கள் ஊரை விட்டுப் போகமாட்டார்கள். ஆகவே பாட்டிமாரைத் தேர்ந்தெடுத்தார். சான்றிதழே கிடையாது என்றார். 2008 முதல் இந்திய அரசு தன் தொழில்நுட்ப ஒத்துழைப்புத் திட்டத்தின் கீழ் விமானச் செலவையும் பயிற்சிச் செலவையும் ஏற்றது. பயிற்சி ஆறு மாதம். ஒரே வகுப்பில் பிரெஞ்சு பேசும் நாட்டுப் பெண்ணும் சுவாஹிலி பேசும் பெண்ணும் உட்கார்ந்திருப்பார்கள். சொல்லிக்கொடுப்பவருக்குத் தெரிந்ததோ இந்தி. சைகை, நிறம், கைப்பழக்கம், திரும்பத் திரும்பச் செய்தல். பாடநூல் இவ்வளவுதான்.

சகாராவுக்குத் தெற்கே இன்றும் ஏறத்தாழ 600 மில்லியன் பேருக்கு மின்சாரம் இல்லை. இருட்டியதும் மண்ணெண்ணெய், மெழுகுவர்த்தி, டார்ச் லைட் என்பதே பல வீடுகளின் நிலை. ஜொகூர்த் தமிழர்களுக்கு இது புரியாத வாழ்க்கையல்ல. லாபிஸ், குளுவாங், கூலாய் பக்கத்துத் தோட்டங்களில் லயத்து வீடுகளில் வளர்ந்த மூத்தவர்களைக் கேட்டால் மண்ணெண்ணெய் விளக்கின் புகை மணத்தையே முதலில் சொல்வார்கள். ஜெனரேட்டர் வந்த பிறகும் பல தோட்டங்களில் இரவு சில மணி நேரம்தான் ஓடும். அது நின்றதும் வீட்டுப்பாடமும் நின்றுவிடும். விடியுமுன் பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்புக்கு எழும் தாய், மறுபடி அந்தத் திரியைத்தான் ஏற்றியாக வேண்டும்.

அந்தத் திரியில் என்ன நடக்கிறது என்று 2012இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. சாதாரணத் திரி விளக்கில் எரியும் மண்ணெண்ணெயில் 7 முதல் 9 விழுக்காடு கரித்துகளாகவே வெளியேறுகிறது. விறகு எரிகையில் அது அரை விழுக்காடு அளவுதான். மூடிய அறையில், புத்தகத்தின் மேல் குனிந்திருக்கும் பிள்ளையின் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் இந்தப் புகை எழுகிறது. கிடைக்கும் வெளிச்சமோ அற்பம். எரிபொருளின் ஆற்றலில் மிகப் பெரும்பங்கு வெப்பமாகவே வீணாகிறது. செலவழிக்கும் ஒவ்வொரு வாட்டுக்கும் இன்றைய எல்.இ.டி. பல்பு அதைப் போல் ஆயிரம் மடங்கு வெளிச்சம் தரும்.

ஆப்பிரிக்கக் குடிசைக்குச் சூரிய மின்சாரம் கட்டுப்படியானதற்கு முதல் காரணம் இந்த எல்.இ.டி.தான் என்பேன். சூரியப் பலகையின் விலை 1970களிலிருந்து 99 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது பெரிய விஷயம்தான். ஆனால் குண்டு பல்பை எரிக்க வேண்டுமானால் மலிவான பலகையாலும் ஏழை வீடு தாங்காது. நீல ஒளி தரும் எல்.இ.டி.யை உருவாக்கிய அகாசாகி, அமானோ, நகாமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். வெள்ளை வெளிச்சம் அதிலிருந்து பிறந்தது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 வாட் பலகை, நல்ல வெயில் 5 மணி நேரம் என்றால் 200 வாட்-மணி. சூடு, தூசி, பேட்டரியில் ஏறி இறங்கும் இழப்பு எல்லாம் போக 130 தேறும். 5 வாட் பல்புகள் மூன்றை 5 மணி நேரம் எரிக்க 75 போதும். இரண்டு கைப்பேசிக்கு 20. ஒரு சின்ன ரேடியோவுக்கும் மிச்சம் இருக்கும்.

பலகையை மாட்டுவதிலும் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு. திலோனியாவில் தெற்கு நோக்கி ஏறக்குறைய 26 பாகை சாய்க்க வேண்டியது, மலாவிக்குப் போனால் வடக்கு பார்க்க வேண்டும். ஜொகூர் பாருவைப் போலவே நிலநடுக்கோட்டை ஒட்டிய உகாண்டாவில் கிடைமட்டமாக வைத்தாலும் வெயில் முழுதாக விழும். ஆனாலும் பத்துப் பாகையாவது சாய்த்து வைப்பார்கள், மழை வந்து தூசியைக் கழுவிக்கொண்டு போகட்டும் என்று. மாமரக் கிளையின் நிழல் பலகையின் ஒரு மூலையில் விழுந்தாலே மின்சாரம் பாதியாகக் குறையக்கூடும். செல்கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், நிழலில் மாட்டிய ஒன்று மற்றவற்றின் ஓட்டத்தையும் தடுத்துவிடுகிறது. மாதத்துக்கு ஒருமுறை கூரையேறிப் பார்க்க ஊரில் ஓர் ஆள் வேண்டும் என்பது இதனால்தான்.

பலகை இருபது இருபத்தைந்து ஆண்டு உழைக்கும். பேட்டரி உழைக்காது. 12 வோல்ட் ஈய-அமில பேட்டரியை 14.4 வோல்ட்டுக்கு மேல் தொடர்ந்து ஏற்றினால் உள்ளிருக்கும் நீர் வாயுவாகப் பிரிந்து வற்றுகிறது. அடிமட்டம் வரை வடியவிட்டு அப்படியே போட்டுவைத்தால் தகடுகளில் ஈய சல்ஃபேட் இறுகிப் படிகிறது. பிறகு எவ்வளவு வெயிலடித்தாலும் ஏறாது. பராமரிக்காத பேட்டரி இரண்டு மூன்று ஆண்டில் போய்விடும். தானமாக வந்த எத்தனையோ சூரிய விளக்குகள் ஆப்பிரிக்கப் பள்ளிகளிலும் மருந்தகங்களிலும் அணைந்துபோனது இந்த இடத்தில்தான். நன்கொடையாளர் பலகைக்குப் பணம் கொடுத்தார், படம் எடுத்துக்கொண்டார், போய்விட்டார். மூன்றாம் ஆண்டு பேட்டரிக்கு யாரும் பொறுப்பில்லை. எனக்கு இதில் உள்ள வருத்தம், கொடுத்தவர்களின் மனம் நல்லது என்பதுதான். பழைய பேட்டரி பிறகு எங்கே போகிறது என்பது இன்னும் கொடுமை. செனகல் தலைநகர் டாக்கரின் தியாரோய் பகுதியில், பழைய பேட்டரிகளிலிருந்து ஈயம் பிரித்தெடுத்ததில் நஞ்சேறிய மண்ணால் 2007 இறுதியிலிருந்து 2008 மார்ச்சுக்குள் 18 குழந்தைகள் மாண்டார்கள். அவை பெரும்பாலும் வாகன பேட்டரிகள் என்றாலும் ஈயம் ஒன்றுதான். ஈயமில்லாத லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள் இப்போது அந்த இடத்தைப் பிடித்துவருவது நிம்மதி தருகிறது.

பாட்டிமாரின் படிப்பு இந்த ஓட்டையைத்தான் அடைக்கிறது. கிராமம் முதலில் கூடிப் பேசி ஒரு குழு அமைக்கும். மண்ணெண்ணெய்க்கும் மெழுகுவர்த்திக்கும் டார்ச் பேட்டரிக்கும் மாதந்தோறும் ஒவ்வொரு வீடும் எவ்வளவு செலவழிக்கிறதோ, அதையொட்டி ஒரு கட்டணத்தை ஊரே முடிவு செய்யும். அந்தப் பணத்திலிருந்து பாட்டிக்குச் சம்பளம். மிச்சம் உதிரிப் பாகங்களுக்கும் அடுத்த பேட்டரிக்கும். இலவசம் என்ற பேச்சே இல்லை. எனக்குப் பிடித்ததும் அதுதான். கட்டணம் கட்டும் வீடு, விளக்கு எரியாவிட்டால் பாட்டியைக் கூப்பிட்டுக் கேட்கும் உரிமையுள்ள வீடு.

பிள்ளைகளின் படிப்பு? திலோனியாவைச் சுற்றி, பகலில் ஆடு மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்காக 1975இல் இரவுப் பள்ளிகள் தொடங்கின. பின்னாளில் சூரிய லாந்தர்கள் அங்கே வெளிச்சம் தந்தன. விளக்கு கொடுத்துவிட்டால் மதிப்பெண் தானாக ஏறிவிடும் என்று மட்டும் யாரும் எண்ண வேண்டாம். உகாண்டாவில் மாணவர்களுக்குச் சூரிய விளக்கு கொடுத்துச் செய்த ஓர் ஆய்வு 2014இல் வெளியானது. படிக்கும் நேரம் தினமும் அரை மணி போலக் கூடியது. தேர்வு மதிப்பெண்ணோ கூடவில்லை, சற்றுக் குறையவே செய்தது. சரியாகச் சார்ஜ் ஏறாத விளக்கு மினுக்கி மினுக்கி எரிந்ததும் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர் சந்தேகித்தார். மங்கிய விளக்கைத் திறந்து பார்த்துச் சரிசெய்ய ஆளில்லாத இடத்தில் வேறென்ன நடக்கும்?

மலேசியா உலகுக்குச் சூரியப் பலகை செய்து அனுப்பும் நாடு. கெடாவின் கூலிமில் தொழிற்சாலை உண்டு. வளரும் நாட்டு அலுவலர்களை அழைத்துப் பயிற்சி தரும் மலேசியத் தொழில்நுட்ப ஒத்துழைப்புத் திட்டம் 1980 முதல் இருக்கிறது. ஸ்கூடாயிலும் பத்து பகாட்டிலும் பொறியியல் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. அந்தப் பயிற்சிக் கூடங்களில் வருடத்துக்கு ஒரு பிரிவையாவது, எழுத்தறியாத கிராமத்துப் பெண்களுக்கென்று திறந்துவிட முடியும். உகாண்டாப் பெண்ணும் நம் ஒராங் அஸ்லி பெண்ணும் ஒரே மேசையில் உட்காரலாம். கோயிலிலும் சங்கங்களிலும் ஆப்பிரிக்காவுக்கென்று நிதி திரட்டுவோர், ரசீதில் ஒரு வரி கூடுதலாகச் சேர்க்கலாம்: பலகைக்கு இவ்வளவு, ஐந்தாம் ஆண்டு பேட்டரிக்கு இவ்வளவு, ஊரில் ஒருவருக்குக் கற்றுத்தர இவ்வளவு.

2016 ஜூலையில் இந்தியப் பிரதமர் தான்சானியா சென்றபோது, திலோனியாவில் படித்த ஆப்பிரிக்கப் பெண்களை டார் எஸ் சலாமில் சந்தித்தார். செய்தித்தாள்கள் அந்தப் படத்தைப் போட்டன. அதைவிட முக்கியமான செய்தி சான்சிபார் தீவின் கின்யாசினியில் இருக்கிறது. அங்கே ஒரு பயிற்சி நிலையம் நடக்கிறது. முன்பு இந்தியாவுக்குப் போய்ச் சைகையில் கற்றுவந்த பெண்கள், இப்போது அங்கே அடுத்த ஊர்ப் பெண்களுக்குச் சுவாஹிலியிலேயே பாடம் நடத்துகிறார்கள்.