கடிகாரம் கோக்கப் போன பெண்கள்

பதினெட்டு வயதுப் பெண்ணைத் தனியாக அயலூருக்கு வேலைக்கு அனுப்புவீர்களா, சகோதரி? "நன்றாகக் கேட்டீர்கள்!" என்று சிரிக்கிறீர்கள். நாற்பது வருஷத்துக்கு முன்பு கிராமத்துத் தாய்மார்கள் சிரிக்கக்கூட மாட்டார்கள், கதவைச் சாத்திவிடுவார்கள். அந்தக் கதவைத்தான் ஒரு கடிகாரக் கம்பெனி தட்டியது.

டாட்டாக்களும் தமிழ்நாட்டு அரசின் டிட்கோவும் கூட்டாக 1984ல் தொடங்கியது டைட்டன். கர்நாடக எல்லையோரம் ஓசூரில் தொழிற்சாலை. கடிகாரத் தொழில் அறிந்தவர்கள் பக்கத்துப் பெங்களூரிலேயே, எச்.எம்.டி.யில் இருந்தார்கள். அனுபவஸ்தர்கள் சிலர் அங்கிருந்து வரவும் செய்தார்கள். ஆனால் கடிகாரம் கோக்கும் மேஜைக்குப் பள்ளிப் படிப்பு முடித்த சிற்றூர்ப் பையன்களையும் பெண்களையும் அல்லவா தேடிப் பிடித்தார்கள்! பூத்தொடுத்துப் பழகிய விரலுக்குக் கடுகளவு திருகாணி ஒரு பிரமாதமா?

வேலை கற்றுக் கொடுப்பது எளிது. ராத்திரி அம்மாவை நினைத்து அழும் பெண்ணை என்ன செய்வது? அவள் ஊர் திரும்பினால், கற்றுக் கொடுத்த வேலையும் அவளோடு மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுமே! ஆகவே கம்பெனி ஓசூரில் வீடுகளை ஏற்பாடு செய்து, பெற்றோர் ஸ்தானத்தில் பெரியவர்களை அமர்த்தியது. சமைத்துப் போட, ஜுரம் வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்க்க ஆள் இருந்தது. என்னைக் கேட்டால், அந்தத் தொழிற்சாலையின் முதல் இயந்திரம் அந்த வீட்டு அடுப்புதான்.

காது கேளாதவர்களுக்கும் அங்கே வேலை கிடைத்தது. பிறகு, 1990களில் மைராடா என்ற தொண்டு நிறுவனத்தின் முயற்சியால், சுற்றுவட்டாரப் பெண்களின் சுய உதவிக் குழுக்களிலிருந்து 'மீடோ' பிறந்தது. டைட்டனுக்குக் கடிகாரச் சங்கிலி கோத்துக் கொடுத்த அந்தப் பெண்களே அதற்குச் சொந்தக்காரர்கள். மாமியார் வீட்டில் மருமகளின் குரல் சற்று உயர்ந்திருக்காதா?

இன்று ஓசூரில் கைப்பேசிப் பாகம் செய்யும் டாட்டா எலெக்ட்ரானிக்ஸ் ஆலைக்கு ஜார்க்கண்டிலிருந்து, ராஞ்சி, ஹசாரிபாக் பக்கத்து ஆதிவாசிப் பெண்கள் வருவதாக 2022ல் மத்திய அமைச்சர் ஒருவரே சொன்னார். இப்போது ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பெரிய பெரிய விடுதிகள். அத்தனை பேருக்கும் தனித்தனி வீடு பார்க்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும், உங்கள் உறவில் ஒரு பெண் அங்கே போகிறாளா? சம்பளத்தை மட்டும் கேட்டு வராதீர்கள். வேலை நிரந்தரமா, ஒப்பந்தமா? இரவு ஷிப்டு முடிந்தால் பஸ் உண்டா? 2013ஆம் வருஷச் சட்டப்படி அமைய வேண்டிய புகார்க் குழுவில் யார் யார்? விடுதியில் நள்ளிரவில் வயிறு வலித்தால் எந்தக் கதவைத் தட்டுவது? அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பவருக்கு, ராஞ்சிப் பெண் பேசும் பாஷை புரியுமா?