ஏழைக் குடும்பங்களும் சூரிய மின்சாரமும்: சங்கங்கள் செய்யத்தக்கவை

வெயில் எல்லோர் கூரையிலும் ஒருபடித்தாகவே விழுகின்றது. ஆனால், அதை மின்சாரமாக மாற்றும் தகட்டின் விலையை ஒரே தடவையிற் செலுத்தக்கூடியவர் சிலரே. இவ்விடரைச் சங்க முயற்சியால் நீக்கிய அனுபவம் நம் நாட்டிலேயே உண்டு. அதன் நன்மையையும், அதிற் கண்ட குறையையும் கமக்காரர் அறிந்திருத்தல் நலம்.

முன்னைய அனுபவம்

1997 முதல் 2002 வரையும், பின்னர் 2011 வரையும், உலக வங்கியின் உதவியுடன் இரு திட்டங்கள் இலங்கையில் நடைபெற்றன. அவற்றின் பயனாக, மின்கம்பி எட்டாத கிராமங்களில் 1 இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் சூரிய மின்சாரம் பெற்றன. சர்வோதய இயக்கத்தின் நிதிப் பிரிவாகிய சீட்ஸ் நிறுவனம் கிராமச் சங்கங்களின் துணையோடு கடன் வழங்கிற்று. விற்பனைக் கம்பனி தகட்டைப் பொருத்தியது. குடும்பத்தார் முற்பணம் கட்டி, எஞ்சியதைத் தவணையாகச் செலுத்தினர். நீரோடையுள்ள மலைக் கிராமங்களிலோ, மக்கள் மின் நுகர்வோர் சங்கங்களை அமைத்துச் சிறு நீர்மின் நிலையங்களைத் தாமே நடத்தினர்.

அயலவரின் வருவாயையும் நாணயத்தையும் சங்கத்தார் அறிவர். பழுது ஏற்படின் கம்பனியைக் கூட்டாக வற்புறுத்தவும் அவர்களால் இயலும். தனி ஒருவருக்கு இவ்வலிமை இல்லை.

கண்ட குறை

பல கிராமங்களுக்கு மின்கம்பி எதிர்பார்த்ததினும் விரைவில் வந்து சேர்ந்தது. தகட்டின் கடன் தீருமுன்னரே புதிய இணைப்புக்கும் பணம் தேவைப்பட்டது. பலர் தவணையை நிறுத்தினர்; கொடுத்தவரும் வாங்கியவரும் இடர்ப்பட்டனர். 40 இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்குச் சூரிய மின்சாரம் அளித்த வங்காளதேசமும் பின்னர் இதே நிலையைக் கண்டது. ஆதலின், மின்கம்பி எப்பொழுது வரும் என்பதை மின்விநியோக நிறுவனத்திடம் விசாரியாது கடன் பெறலாகாது.

நல்லதண்ணி போன்ற இடங்களில்

சிவனொளிபாத மலையடிவாரத்தில் மே முதல் செப்டெம்பர் வரை மழையும் மூடுபனியும் மிகுதி. 50 வாற்றுத் தகடு, 4 மணி நேர நல்வெயிலில் 200 வாற்று மணி தரும். இழப்புப் போக 140 அளவே பயன்படும். மூட்டமான நாளில் அதிற் பாதியோ, அதனினும் குறைவோ கிடைக்கும். 5 வாற்று விளக்குகள் மூன்று, இரவில் 4 மணி நேரம் எரிய 60 வேண்டும். எனவே விளக்குகளுக்கு இத்தகடு போதும். தண்ணீர்ப் பம்பிக்குப் போதாது. 12 வோல்ற்று, 40 அம்பியர் மணி ஈயப் பற்றரியிற் பாதியை மட்டும் செலவிடின், வெயிலற்ற 4 இரவுகளுக்கு விளக்கெரியும். முழுவதையும் செலவிட்டால் பற்றரி விரைவிற் கெடும்.

லயத்திற் குடியிருப்போர்க்கு வேறோர் இடருண்டு. கூரை அவர்களுடையதன்று. தோட்ட நிர்வாகத்தின் எழுத்து மூல அனுமதியின்றி ஆணி அடித்தால், தகட்டை இழக்கவும் நேரலாம். மின்னிணைப்புள்ள வீட்டில் மின்செலவு சிறிதாயின், தனித் தகட்டால் மிஞ்சும் பணமும் சிறிதே. அத்தகையோர் கடன்படுவதினும், மரக்கறித் தோட்டத்துக்கான பொதுப் பம்பி, வயற் காவற்குடிலின் விளக்கு ஆகியவற்றைச் சங்கத்தின் உடைமையாகக் கொள்வது மேல்.

ஒப்பந்தத்துக்கு முன் சங்கம் செய்ய வேண்டியவை

1. கூரை, நிலம் ஆகியவற்றின் உரிமையை எழுத்தில் உறுதிசெய்தல்.

2. தவணையை அறுவடைக் காலத்துக்கும் சம்பள நாளுக்கும் இசைய அமைத்தல்.

3. புதிய பற்றரி வாங்குவதற்கென மாதந்தோறும் சிறு தொகையைத் தனிக் கணக்கிற் சேர்த்தல். ஈயப் பற்றரி சில ஆண்டுகளே உழைக்கும்.

4. உறுப்பினருள் இருவரையேனும் பழுது பார்க்கப் பயிற்றுதல்.

5. தகட்டை மரநிழலும் மலைநிழலும் படாத இடத்தில், தெற்கு நோக்கி 10 பாகையளவு சாய்த்து வைத்தல். சாய்வினால் மழைநீர் தூசியைக் கழுவிச் செல்லும்.

6. உத்தரவாதப் பத்திரத்தைச் சங்கத்தின் பொறுப்பில் வைத்தல்.

மரணாதாரச் சங்கம், மாதர் சங்கம், சிக்கனக் கடனுதவிச் சங்கம் ஆகியன நம்மிடையே முன்னரே உள்ளன. புதிதாக ஒன்றை அமைக்கத் தேவையில்லை. அடுத்த மாதக் கூட்டத்தில் மேற்கூறிய ஆறையும் வாசித்து ஆராய்க. ஒன்றுக்கேனும் தக்க விடை கிடையாதாயின், கையொப்பமிடுவதை ஒத்திவைக்க. வீட்டுக்கு ஒளி தர வந்தது கடன்சுமையாய் முடிதல் ஆகாது.