பழைய அலுமினிய வயரிங்: கடைக்காரர் கவனத்துக்கு



கொடைக்கானல் மலையேறும் வண்டிகளும், மலைக்காய்கறி ஏற்றி இறங்கும் வண்டிகளும் கூடும் ஊர் நமது வத்தலக்குண்டு. முன்னால் கடை, பின்னாலோ மாடியிலோ வீடு என்று இருக்கும் பழைய கட்டடங்கள் இங்கே உண்டு. சரக்கை மழையிலிருந்தும் எலியிலிருந்தும் காக்கிறோம். சுவரில் ஓடும் வயரை மட்டும் நாம் திரும்பிப் பார்ப்பதில்லை.

1960, 70களில் தாமிரத்தைப் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டியிருந்தது. அந்நியச் செலாவணிக்கோ தட்டுப்பாடு. ஆகவே உள்நாட்டில் கிடைத்த, விலை குறைந்த அலுமினிய வயரைப் பல கட்டடங்களில் போட்டார்கள். அன்று கடைக்கு இரண்டு பல்பும் ஒரு மின்விசிறியும் போதும். இன்று அதே வயரில் டீப் ஃப்ரீசர், பில் போடும் கம்ப்யூட்டர், கேமரா எல்லாம் ஓடுகின்றன.

அலுமினியமே கெட்டது என்பதல்ல. கம்பத்திலிருந்து வரும் மின்கம்பியும் அலுமினியம்தான். ஆபத்து இணைப்பில் இருக்கிறது. சாக்கு நன்றாக இருந்தாலும் தையல் விட்டால் அரிசி கொட்டுவதில்லையா? அலுமினியம் மெதுவானது, திருகின் அழுத்தத்தில் நாளடைவில் நசுங்கி இளகும். சூடேறினால் தாமிரத்தைவிடச் சுமார் மூன்றில் ஒரு பங்கு அதிகமாக விரியும். காற்றுப் பட்டால் மேலே மின்சாரம் கடத்தாத ஒரு படலம் படியும். இம்மூன்றும் சேர்ந்து இணைப்பு தளர்ந்து, அந்த இடம் கொதிக்கிறது.

இதில் முக்கியமான செய்தி ஒன்று. இணைப்பு கொதிக்கும்போதும் வயரில் ஓடுவது வழக்கமான மின்சாரமே. ஆகவே பியூஸ் போகாது, எம்.சி.பி.யும் விழாது. பக்கத்தில் சாக்கும், அட்டைப் பெட்டியும், தீப்பெட்டிக் கட்டும் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்காவில் தாமிர விலை ஏறியதால் 1965 முதல் சில ஆண்டுகள் வீடுகளுக்கு அலுமினிய வயர் போட்டார்கள். 1974 ஏப்ரல் 28இல் நியூயார்க் மாநிலத்தின் ஹாம்ப்டன் பேஸ் என்ற ஊரில், பிளக் பாயிண்டில் இருந்த அலுமினிய இணைப்பால் வீடு தீப்பற்றி இருவர் இறந்தனர். 1972க்கு முன் அலுமினிய வயர் போட்ட வீடுகளில், ஓர் இணைப்பாவது தீப்பிடிக்கும் நிலைக்குச் சூடாகும் வாய்ப்பு தாமிர வயர் வீடுகளைவிட 55 மடங்கு என்று அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் அறிவித்தது.

நமது கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது? சுவிட்ச் போர்டு தொட்டால் சூடாக இருப்பது, பிளக் கறுத்திருப்பது, பிளாஸ்டிக் கருகும் வாடை, ஃப்ரிட்ஜ் ஓடத் தொடங்கும்போது விளக்கு மங்குவது ஆகியவை எச்சரிக்கை. வயர் முனையை உரிமம் பெற்ற வயர்மேனைக் கொண்டே பார்க்க வேண்டும். மெயினை அணைத்தாலும் மீட்டர் பக்கத்து வயரில் மின்சாரம் இருக்கும். வெள்ளையாகத் தெரிவதெல்லாம் அலுமினியமல்ல. ஈயம் பூசிய பழைய தாமிரமும் வெள்ளையாகவே தெரியும். கத்தியால் சுரண்டினால் தாமிரம் சிவக்கும். அலுமினியம் உள்ளேயும் வெள்ளைதான்.

அலுமினியம் என்று தெரிந்தால் முழுவதையும் மாற்றுவதே நல்லது. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள தாமிர வயர், விளக்குக்கு 1.5 சதுர மி.மீ., பிளக்குக்கு 2.5, பெரிய ஃப்ரீசருக்கு 4 என்பது பொதுவான அளவு. எர்த் வயர் கட்டாயம். வயருக்கேற்ற எம்.சி.பி.யும், உயிர் காக்க 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் வைக்கவேண்டும். பளு கூடியிருந்தால் மின்வாரியத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஒரே நேரத்தில் முடியவில்லையென்றால், முதலில் ஃப்ரீசருக்கு மெயினிலிருந்து தனித் தாமிர லைன் இழுங்கள். பழைய வயருக்குச் சுமை குறையும். ஆனால் அலுமினிய முனையில் தாமிரத்தை முறுக்கி டேப் ஒட்டும் வேலை மட்டும் வேண்டாம். இரண்டு உலோகமும் சேர்ந்து ஈரத்தில் அரித்துக்கொள்ளும். தளர்ச்சி இன்னும் சீக்கிரம் வரும்.

வயரிங் செலவைப் பார்த்து நாம் தயங்குவது இயல்பு. கழற்றிய அலுமினியத்தை எடைக்குப் போட்டால் சிறிது திரும்பி வரும். ஆண்டு இருப்பு எடுக்கும் நாளிலேயே சுவிட்ச் போர்டையும் ஒருமுறை பார்த்துவிடுவோம். இருப்பேட்டில் எழுதிய சரக்கு நம் கையில் இருப்பதற்கு அந்தச் சுவரும் ஒரு காவல்.