மார்க் போடாத மித்ரா

பீகாரின் நாளந்தா என்றால் பழைய பல்கலைக்கழகத்தின் செங்கல் சுவர்கள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அதே மாவட்டத்தின் அரசுப் பள்ளிகளில் 2015-ல் ஒரு சோதனை நடந்தது. பதின்வயதுப் பிள்ளைகளோடு மனநலம் பற்றிப் பேச வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. யார் பேசுவது? நாளந்தாவில் சோதித்துப் பார்த்தது அதைத்தான்.

கோவாவில் தொடங்கப்பட்ட ‘சங்காத்’ தொண்டு நிறுவனமும் மனநல மருத்துவர் விக்ரம் படேல் உள்ளிட்ட ஆய்வாளர்களும் சேர்ந்து உருவாக்கிய திட்டம் அது. பெயர், ‘செஹர்’. 74 பள்ளிகளை மூன்றாகப் பிரித்தார்கள். ‘தரங்’ என்ற வளரிளம் பருவக் கல்வி வகுப்பு எல்லாப் பள்ளிகளுக்கும் பொது. ஒரு பகுதிப் பள்ளிகளில் அதோடு சரி. இன்னொரு பகுதியில், அங்கேயே பணியாற்றும் ஆசிரியர் ஒருவர் செஹரையும் நடத்தினார். மூன்றாவது பகுதிக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்தார். அவர் மருத்துவரோ உளவியல் நிபுணரோ இல்லை. பட்டப்படிப்பு முடித்து, செஹருக்காகப் பயிற்சி பெற்றவர், அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு அவர் ‘மித்ரா’.

மித்ராவின் வேலை பாடம் எடுப்பதோடு முடிவதில்லை. பள்ளியில் ஒரு பெட்டி வைக்கப்பட்டது. மனதில் உறுத்துவதை எழுதி யார் வேண்டுமானாலும் அதில் போடலாம். சுவர்ப் பத்திரிகை வந்தது. சீண்டல், போதைப்பொருள், ஆண்-பெண் சமத்துவம், படிப்பில் வரும் பயம் என்று மாதத்துக்கு ஒன்றாக விஷயங்களை எடுத்துக்கொண்டு போட்டிகளும் கலந்துரையாடல்களும் நடந்தன. தனியாகப் பேச விரும்பும் மாணவருக்கு அதற்கும் வழி இருந்தது. ஆசிரியர்கள் நடத்திய பள்ளிகளிலும் திட்டம் இதேதான்.

13,000-க்கும் மேற்பட்ட ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் பங்கேற்ற இந்தச் சோதனையின் முடிவுகள் 2018-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்தன. மித்ரா இருந்த பள்ளிகளில் மனச்சோர்வின் அறிகுறிகள் குறைந்திருந்தன. சீண்டலும் வன்முறையும் குறைந்திருந்தன. ஆண்-பெண் சமத்துவம் பற்றிய எண்ணம் மேம்பட்டிருந்தது. ‘இது என் பள்ளி, இங்கே என்னை மதிக்கிறார்கள்’ என்ற உணர்வில்தான் மிகப் பெரிய மாற்றம். ஆசிரியர்கள் நடத்திய பள்ளிகளிலோ, செஹரே இல்லாத பள்ளிகளோடு ஒப்பிட்டால் சொல்லும்படியான வித்தியாசம் எதுவும் இல்லை.

இதற்காக ஆசிரியர்களைக் குறை சொல்வது நியாயமாகாது. பாடத்தை முடிக்க வேண்டும், தேர்வுத்தாள் திருத்த வேண்டும், தலைமையாசிரியர் கேட்கும் புள்ளிவிவரத்தையும் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் இதுவும் வந்தால் எதைச் செய்வது? அதோடு, மார்க் போடுகிறவரிடம், அப்பா-அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பக்கூடியவரிடம், ஒரு பதினான்கு வயதுப் பெண் தன் தூக்கம் வராத இரவுகளைப் பற்றிச் சொல்லத் தயங்குவாள். அந்தத் தயக்கம் இயல்பானது.

ஐரோப்பாவிலும் ஏறக்குறைய இதே அனுபவம்தான். பத்து நாடுகளில் 168 பள்ளிகள், 11,110 மாணவர்கள் என்று விரிந்த ‘செய்லே’ ஆய்வின் முடிவுகள் 2015-ல் வந்தன. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த டானுடா வாசர்மன் அதற்குத் தலைமை வகித்தார். ஆபத்தில் இருக்கும் மாணவர்களை அடையாளம் காண ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தது அதில் ஒரு முறை. கேள்வித்தாள் மூலம் கண்டறிந்து நிபுணரிடம் அனுப்பியது இன்னொன்று. இரண்டுமே எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. பலன் தந்தது மூன்றாவது முறை. பயிற்சி பெற்ற ஒருவர் வகுப்புக்கு வந்தார். நான்கு வாரங்களில் மொத்தம் ஐந்து மணி நேரம். அதில் பெரும்பகுதி நேரம், மாணவர்களே தங்கள் சிக்கல்களை நடித்துக் காட்டிப் பேசினார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, அந்த மாணவர்களிடையே தற்கொலை முயற்சிகள் ஒப்பீட்டுப் பிரிவில் இருந்ததில் பாதி அளவுக்குக் குறைந்திருந்தன.

தோழி கலங்கி நிற்கும்போது என்ன செய்வது என்பதையும் கற்றுக்கொடுக்க முடிகிறது. ஆஸ்திரேலியாவில் பதின்வயதினருக்கான மனநல முதலுதவிப் பயிற்சி 75 நிமிட வகுப்புகள் மூன்றில் முடிகிறது. நண்பனின் வேதனையைக் கவனிப்பது, நேரடியாகக் கேட்பது, நம்பகமான ஒரு பெரியவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது, இவைதான் பாடம். மெல்பேர்னில் நான்கு பள்ளிகளில் சோதித்தபோது, வழக்கமான முதலுதவி கற்றவர்களைவிட இவர்கள் நண்பர்களுக்குச் சரியான உதவி செய்யத் தயாராக இருந்தார்கள். மனநோய் குறித்த ஒதுக்கும் எண்ணமும் குறைந்திருந்தது.

நல்ல நோக்கம் இருந்தால் எல்லாம் பலிக்கும் என்றும் இல்லை. பிரிட்டனில் 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களுக்குப் பள்ளி ஆசிரியர்கள் மூலம் மன ஒருமைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமான வகுப்புகளைவிட அது மேலாக இல்லை என்று 2022-ல் தெரியவந்தது. பலரும் வீட்டில் அந்தப் பயிற்சியைச் செய்யவே இல்லை.

இந்தியாவில் 13 முதல் 17 வயதுள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாக 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையின் 14416 எண்ணைத் தமிழிலும் அழைத்துப் பேசலாம். இந்த எண் ஒவ்வொரு பள்ளிச் சுவரிலும் இருக்க வேண்டும். ஆனால் தன் சிக்கல் இன்னதென்று புரிந்தால்தானே அந்த எண்ணை அழைக்கத் தோன்றும்? அதைப் புரியவைக்க ஒருநாள் விழிப்புணர்வு முகாம் போதாது. நாளந்தாவில் திட்டம் இரண்டாம் ஆண்டும் தொடர்ந்தது. மித்ரா இருந்த பள்ளிகளில் முதல் ஆண்டைவிடப் பலன் கூடியது. ஆசிரியர் பொறுப்பேற்ற பள்ளிகளில் அப்போதும் மாற்றம் தென்படவில்லை.